மூன்றரை மாத ஊசியும் முப்பது நோன்பும்

வாசகர் கேள்வி – பதில்

ரமலான் நெருங்கினால் காவிரிப் படுகை ஊர்களிலிருந்து தடுப்பூசி பற்றிக் கடிதம் வருவது வழக்கம்தான். இந்த முறை பிள்ளைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மட்டுமல்ல, போடுகிறவர்களும் பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்கிறவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறோம்.

என் மகனுக்கு மூன்றரை மாத ஊசி ரமலான் பிறை 10 வாக்கில் வருகிறது. நான் நோன்பு வைத்துக்கொண்டு பால் கொடுக்கிறேன். "நோன்பு நேரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது? பெருநாள் கழித்துப் போட்டுக்கலாம்" என்கிறார் மாமி. தள்ளிப்போடலாமா?
– வாசகி, அய்யம்பேட்டை

மாமியின் பயம் நியாயமானது. அதற்கு அவர் சொல்லும் வழிதான் சரியில்லை.

14 வாரம் நிறைந்ததும் பிள்ளைக்குக் கிடைப்பவை இவை: இடது தொடையில் பென்டா மூன்றாம் தவணை, வலது தொடையில் நிமோனியாவுக்கான பி.சி.வி. இரண்டாம் தவணை, வலது மேற்கையில் தோலுக்குள் போலியோ ஊசி, வாயில் போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு. காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் பென்டாவால்தான். கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரணஜன்னி உட்பட ஐந்து நோய்களுக்கு அது ஒரே ஊசி.

தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் கக்குவான் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளைத்தான் மூச்சுத் திணறவைத்து உயிருக்கே ஆபத்தாக்கும். பெருநாளுக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கும். ஆளாளுக்குப் பிள்ளையைத் தூக்குவார்கள், முத்தம் கொடுப்பார்கள், அதில் இருமல் உள்ளவரும் இருப்பார். பிறை 10-ல் போட்டுவிட்டால் பெருநாளுக்குள் ஏறக்குறைய மூன்று வாரம் கிடைக்கிறது, எதிர்ப்புச் சக்தி உருவாக அது போதும். பெருநாள் கழித்துப் போட்டால் ஊர்க்கூட்டம் வந்து போன பிறகுதான் பாதுகாப்பே தொடங்கும்.

இனிக் காய்ச்சல். காலை 10 மணிக்குப் போட்டால் உடம்பு சுடத் தொடங்குவது பெரும்பாலும் அன்று மாலை; ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். அந்த மாலை நோன்பு திறக்கிற நேரம், அடுப்படியும் வீடும் பரபரப்பாக இருக்கும். அன்று ஒரு நாள் 5 முதல் 8 மணி வரை பிள்ளையை யார் மடியில் வைத்திருப்பது என்று முந்தின நாளே பேசி வையுங்கள். மாமியே அதற்குச் சரியான ஆள்.

பாராசிட்டமால், காய்ச்சல் வந்த பிறகுதான். வருமுன்னே கொடுக்க வேண்டாம். அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 6 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 60 முதல் 90 மில்லிகிராம். தவறு நடப்பது இங்கேதான். கடையில் சொட்டு மருந்தாகக் கிடைப்பதில் பொதுவாக 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பாகக் கிடைப்பதில் 5 மில்லியில் 125 (250 உள்ளதும் உண்டு). சிரப்புக்குச் சொன்ன 3 மில்லியைச் சொட்டு மருந்து பாட்டிலிலிருந்து எடுத்தால் நாலு மடங்கு உள்ளே போய்விடும். பாட்டிலின் மேல் எழுதியிருப்பதை நர்ஸிடம் காட்டி, அளவைத் தடுப்பூசி அட்டையின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் இல்லை.

ஊசி போட்ட இடம் வீங்கினால் ஈரத்துணி வைக்கலாம். வெந்நீர் ஒத்தடம், தேய்த்து விடுதல், மஞ்சள், காபித்தூள் எதுவும் கூடாது. மூன்று மணி நேரம் விடாமல் வீறிட்டு அழுதால், வலிப்பு வந்தால், துவண்டுபோனால், பால் குடிக்க மறுத்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நோன்பு திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் நோன்பு வைப்பதற்கும் பிள்ளையின் ஊசிக்கும் சம்பந்தம் இல்லை. ஊசி போட்ட உடனே பால் கொடுக்கலாம், பிள்ளையின் அழுகை அதில்தான் சீக்கிரம் அடங்கும். பிள்ளை 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால் பால் போதவில்லை என்று அர்த்தம். பால் கொடுக்கும் தாய் நோன்பைப் பின்னால் களாவாக (விட்ட நோன்பை ஈடுசெய்து) நோற்க மார்க்கத்தில் சலுகை உண்டு. ஃபித்யாவும் (பரிகாரமாக ஏழைக்கு உணவு) சேருமா என்பது நீங்கள் பின்பற்றும் மத்ஹபைப் (மார்க்கச் சட்ட மரபைப்) பொறுத்தது, உங்கள் ஹஜ்ரத்திடம் (ஊர் மார்க்க அறிஞரிடம்) கேளுங்கள்.

ஜும்ஆவுக்குப் (வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப்) பிறகு அறிவிப்புச் செய்யச் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு தாள் வந்தது. "ஊசியால் நோன்பு முறியாது" என்று அவர்களே எழுதியிருந்தார்கள். மார்க்கத் தீர்ப்பை அவர்கள் எழுதுவது சரியா? நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?
– ஜமாஅத் நிர்வாகி ஒருவர், கூத்தாநல்லூர்

தாளில் இருந்த செய்தி சரி, எழுதிய கைதான் மாறிவிட்டது. எந்த ஊசி, எந்த இடத்தில், எத்தனை மில்லி என்பதைச் சுகாதாரத் துறை சொல்லட்டும். நோன்பு முறியுமா என்பதை ஹஜ்ரத் சொல்லட்டும். இரண்டையும் ஒரே அலுவலக முத்திரையில் போட்டால் முதல் பாதியின் மேலும் சந்தேகம் வரும்.

தசையிலோ தோலிலோ போடும் மருந்து ஊசியால் நோன்பு முறியாது என்பது பெரும்பாலான ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) கருத்து. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி 1997-ல் ஜித்தாவில் கூடியபோது இதையே தீர்மானித்தது. உணவுக்குப் பதிலாக ஏற்றும் சத்துத் திரவங்களை மட்டும் விலக்கி வைத்தது. குளுக்கோஸ் ஏற்றுவதையும் தடுப்பூசியையும் மக்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால், அறிவிப்பில் அந்த வேறுபாட்டை ஒரு வரியில் சொல்வது நல்லது. வாய்வழிச் சொட்டு பெரியவர்களுக்கு நோன்பை முறிக்கும். ஆனால் அது போடப்படுவது நோன்பு கடமையில்லாத சின்னப் பிள்ளைகளுக்கு. பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதால் ஷாஃபி, ஹனஃபி மத்ஹப் இரண்டிலும் நோன்பு முறிவதில்லை. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் வழிந்து ஓடினால் ஹனஃபி மத்ஹபில் ஒளு (தொழுகைக்கு முன் கைகால், முகம் கழுவிச் செய்யும் தூய்மை) முறியும், ஷாஃபியில் முறியாது. கடலோர ஊர்களில் ஷாஃபியும் உள்ளே ஹனஃபியும் கலந்து இருப்பதால் இந்தச் சின்னக் கேள்வியும் கட்டாயம் வரும்.

அறிவிப்பு அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி இருக்கலாம்: "வரும் புதன்கிழமை காலை 10 மணி முதல் 12.30 வரை பெண்கள் மதரஸாவில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. கைப்பிள்ளைகளுக்கு நோன்பு இல்லை. கர்ப்பிணிகளுக்குப் போடும் ரணஜன்னி ஊசியால் நோன்பு முறியாது. மார்க்கச் சந்தேகம் இருந்தால் அஸருக்குப் பிறகு ஹஜ்ரத்தைக் கேளுங்கள். ஊசியைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் நர்ஸம்மா 10 மணியிலிருந்து அங்கேயே இருப்பார்."

"ஓர் உயிரைக் காப்பாற்றியவர் மனித குலத்தையே காப்பாற்றியவர்" என்ற குர்ஆன் வசனத்தைச் சுவரொட்டியில் அச்சிட்டுவிட்டு வேலை முடிந்ததென்று நினைப்பவர்கள் உண்டு. அது பெரிய வசனம்தான். ஆனால் பிள்ளையோடு நிற்கும் தாய் அதைப் பற்றிக் கேட்கவில்லை. காய்ச்சல் வருமா, மருந்தில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறாள்.

இன்னொன்று, ஊரில் இரண்டு மூன்று பள்ளிவாசல்கள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே நாளில் அறிவிப்பு வர வேண்டும். பிறை பார்ப்பதிலேயே ஒரு நாள் வித்தியாசப்படும் ஊர்கள் இருக்கின்றன; ஒரு பள்ளியில் மட்டும் சொன்னால் மற்றவர்கள் அதை "அவர்கள் ஏற்பாடு" என்று விட்டுவிடுவார்கள்.

என் பகுதியில் ரமலான் மாதத்தில் புதன்கிழமை முகாமுக்குப் பாதிப் பேர்கூட வருவதில்லை. ஷவ்வாலில் (ரமலானுக்கு அடுத்த மாதத்தில்) எல்லாரையும் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எப்படித் திட்டமிடுவது?
– கிராம சுகாதார செவிலியர், நாகப்பட்டினம் மாவட்டம்

வேலையை ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே தொடங்குங்கள். பராஅத் இரவு முடிந்தால் ரமலானுக்குச் சுமார் இரண்டு வாரம் இருக்கும். யு-வின் (தடுப்பூசிப் பதிவுத் தளம்) பட்டியலில் ரமலானில் முறை வரும் பிள்ளைகளையும் ஏற்கெனவே விடுபட்டவர்களையும் தனித்தனியாக எடுங்கள். விடுபட்டவர்களை நோன்பு தொடங்குமுன் முடித்துவிடலாம். முறை வராதவர்களுக்கு முன்கூட்டிப் போடக் கூடாது. 6 வாரம், தவணைகளுக்கு இடையில் 4 வாரம், எம்.ஆர். (தட்டம்மை, ருபெல்லா) ஊசிக்கு 9 மாதம் நிறைவு என்பதில் விட்டுக்கொடுக்க முடியாது.

பட்டியலில் "மறுப்பு" என்று ஒரே வார்த்தையில் எழுதுவதை விடுங்கள். நாலு காரணங்களைப் பிரித்து எழுதினாலே பாதிப் பிரச்சினை கரைந்துவிடும்: ஊரில் இல்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, பெருநாள் கழித்துப் போடுகிறார்கள், போடவே மாட்டேன் என்கிறார்கள். உண்மையான மறுப்பு கடைசி வகை மட்டும்தான், பெரும்பாலான தெருக்களில் அது ஒன்றிரண்டு வீடுதான் இருக்கும். மற்றவர்களையும் மறுப்பவர்கள் என்று எழுதி வட்டாட்சியரையும் காவலரையும் அழைத்துப் போனால், தயங்கியவர்கள் மறுப்பவர்களாக மாறுவார்கள். ரேஷன் அட்டையை நிறுத்திவிடுவேன் என்ற பேச்சு ஒரு தடவை வாயிலிருந்து வந்தால் அடுத்த நாலு ரமலானுக்கு அந்தத் தெரு உங்களுக்கு இல்லை.

நேரம்: சஹர் உணவு முடித்து ஃபஜ்ர் (விடியற்காலைத் தொழுகை) தொழுதுவிட்டுப் பலரும் உறங்கி எழ 9 மணி தாண்டும். லுஹருக்குப் (நண்பகல் தொழுகைக்குப்) பிறகு சமையல் வேலை தொடங்கிவிடும். கைக்கு எட்டுவது 10 முதல் 12.30 வரைதான். 27-ஆம் இரவு விழித்து வணங்கிய மறுநாள் புதன்கிழமையாக வந்தால் அன்று தெருவே உறங்கும். அந்த வாரம் வேறொரு நாளையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

இடம்: பள்ளிவாசலில் முகாம் என்றால் அதிகாரிகளுக்குப் படம் அழகாக வரும். ஆனால் பல ஊர்களில் பெண்கள் பள்ளிவாசலுக்குள் வருவதில்லை, பிள்ளையைக் கொண்டுவருவதோ பெண்கள். பெண்கள் மதரஸா, அங்கன்வாடி, தெருவில் எல்லாரும் போய்வரும் ஒரு பெரிய வீட்டுத் திண்ணை ஆகியவை மேல். கர்ப்பிணிகளுக்கு மேற்கையில் போட ஒரு தடுப்புத் திரை வேண்டும். ஊசி போடுபவர் பெண்ணாக இருப்பது நல்லது. செய்தி சொல்ல மூன்று இடங்கள் கைகொடுக்கும்: ஜும்ஆ, பெண்கள் சேர்ந்து தராவீஹ் (ரமலான் இரவுத் தொழுகை) தொழும் வீடு, அஸருக்குப் (மாலைத் தொழுகைக்குப்) பிறகு தூக்குவாளியோடு நோன்புக் கஞ்சிக்கு நிற்கும் வரிசை. கஞ்சி வாங்க வரும் பிள்ளைகளிடம் சீட்டுக் கொடுத்தால் அது நேரே அடுப்படிக்குப் போய்ச் சேரும்.

வீட்டு முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதையும் பாருங்கள். பிள்ளையின் அத்தா (தகப்பனார்) துபாயிலோ ரியாத்திலோ இருப்பார்; "அவங்ககிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று தாய் சொல்வது சாக்கு அல்ல. நம் காலை 10 மணி சவூதியில் 7.30, அமீரகத்தில் 8.30. ரமலானில் அந்த நேரம் அவர் உறக்கத்தில் இருப்பார். முந்தின நாள் இரவே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். அவருக்கு அனுப்ப, எந்தெந்த ஊசி என்று தமிழில் எழுதிய ஒரு படமும் கைவசம் இருக்கட்டும்.

விருந்தாளிப் பிள்ளைகளைக் கணக்கில் சேருங்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர்கள், பெருநாளுக்கு வந்தவர்கள் என்று இந்த மாதம் தெருவில் இருப்பவர்களில் பலர் உங்கள் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். வேறு மாவட்ட அட்டையானாலும் போடலாம்.

எம்.ஆர். ஊசிக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. அதன் காய்ச்சலும் லேசான தடிப்பும் அன்றே வராது, 5 முதல் 12 நாள் கழித்து வரும். பிறை 20-ல் போட்ட பிள்ளைக்குப் பெருநாளன்று காய்ச்சல் அடிக்கலாம். புதுச்சட்டை போட்ட பிள்ளை சுணங்கிக் கிடந்தால் அந்தப் பழி அடுத்த ஆண்டு வரை பேசப்படும். முடிந்தவரை எம்.ஆர். முறை வருபவர்களை முதல் இரண்டு வாரத்தில் அழையுங்கள். பிறகு தானாக வருபவரைத் திருப்பி அனுப்பாமல், காய்ச்சல் எந்தத் தேதிகளில் வரக்கூடும் என்று அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

திருப்பி அனுப்புவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பிள்ளை வந்திருக்கிறது, குப்பியைத் திறந்தால் மற்ற டோஸ் வீண் என்று "அடுத்த வாரம் வாங்க" சொல்வது அடிக்கடி நடக்கிறது. ஒரு பிள்ளைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதே விதி. நோன்போடு வெயிலில் வந்து வெறுங்கையோடு போன தாய், போகும் வழியில் பத்துப் பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வீடு சேருவார். எம்.ஆர்., காசநோய்க்கான பி.சி.ஜி. குப்பிகளை அதனதன் கரைநீரில்தான் கலக்க வேண்டும். கலந்த நேரத்தைக் குப்பியில் எழுதி, 4 மணி நேரத்தில் தூக்கிப் போட வேண்டும். கேரியரில் வைக்கும் நாலு ஐஸ் பேக்கும் உறைவிப்பானிலிருந்து எடுத்த சூட்டோடு சூடாக உள்ளே போகக் கூடாது. ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்கும் வரை வெளியே வையுங்கள்; இல்லாவிட்டால் பென்டா, பி.சி.வி., ரணஜன்னிக்கான டி.டி. உறைந்து கெடும். உறைந்த ஊசி பாதுகாப்புத் தராததோடு, போட்ட இடத்தில் கட்டியையும் கொடுக்கலாம்.

நோன்பாளிகள் முன் தண்ணீர் குடிக்கலாமா என்று நீங்கள் தனிக் குறிப்பில் கேட்டிருந்தீர்கள். குடியுங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் உட்காரச் சொல்லும்போது மின்விசிறி இருக்கிற இடமாகப் பார்த்துக் கொடுப்பதுதான் அவர்களுக்கு மரியாதை.

எம்.ஆர். ஊசியில் பன்றிக் கொழுப்பு இருப்பதாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. மருத்துவமனையில் கேட்டால் "அதெல்லாம் வதந்தி" என்கிறார்கள். உண்மை என்ன?
– வாசகர், அதிராம்பட்டினம்

கொழுப்பு இல்லை. ஆனால் "எல்லாம் வதந்தி" என்று மூடிவிடுவதும் சரியில்லை. நாளைக்கு நீங்கள் இணையத்தில் தேடினால் வேறு பதில் கிடைக்கும், அதன் பிறகு அந்த மருத்துவமனை சொல்லும் எதையும் நம்ப மாட்டீர்கள்.

பென்டா, டி.டி., ஹெபடைடிஸ்-பி போன்ற திரவ ஊசிகளில் ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம்) சேர்ப்பதில்லை. எம்.ஆர். உலர் பொடியாக வருவது. உலர்த்தும்போதும் பிறகும் உள்ளேயிருக்கும் வலுவிழந்த வைரஸ் சாகாமல் இருக்க, நீராற்பகுப்பால் சிதைத்த ஜெலட்டின், சார்பிட்டால் போன்றவற்றைத் தாங்குபொருளாகச் சேர்க்கிறார்கள். புனே சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் எம்.ஆர். ஊசியைப் பற்றி இந்தோனேசிய உலமா சபை 2018 ஆகஸ்டில் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தது. அதில் இரண்டு பாதிகள் உண்டு. தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டிருப்பதால் அது ஹராம் என்பது முதல் பாதி. வேறு ஹலாலான மாற்று ஊசி இல்லாத நிலையில், போடாவிட்டால் வரும் ஆபத்தை முன்னிட்டு இப்போது அதைப் பயன்படுத்த அனுமதி உண்டு என்பது இரண்டாம் பாதி.

அங்கே தடுப்பூசி இயக்கம் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஃபத்வா வந்தது ஆகஸ்ட் 20-ஆம் தேதி. "ஹராம்" என்ற சொல் முதலில் ஓடியது, அனுமதி பின்தங்கிவிட்டது. அச்சே மாகாணத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மிகக் குறைவு. உலமாக்களிடம் முகாமுக்கு முன்னால் போகாமல் பிறகு போனதன் விலை அது.

ஆலிம்கள் இதை இரண்டு வழியில் அணுகுகிறார்கள். ஒரு பொருள் தன் இயல்பு முழுதும் மாறி வேறொன்றானால் பழைய சட்டம் அதற்கு இல்லை என்பது இஸ்திஹாலா. குவைத்தில் 1995-ல் நடந்த இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு ஜெலட்டினை இந்த வழியில் தூய்மையானது என்றது. ஹனஃபி ஆலிம்களுக்கு இது பழக்கமான வாதம். ஷாஃபி மத்ஹபில் இஸ்திஹாலாவுக்கு இடம் குறுகலானது. எனவே உங்கள் ஊர் போன்ற இடங்களில் ஆலிம்கள் நிர்ப்பந்தம், அதாவது ழரூரத் என்ற வழியில் பேசுவதுதான் இயல்பு. எந்த வழி என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். அவர்களிடம் போகும் மருத்துவர், உட்பொருள் பட்டியலை மறைக்காமல் முழுதாகக் கொண்டுபோக வேண்டும்.

இந்த ஊசி போட்டால் பின்னால் பிள்ளைப்பேறு இருக்காது என்று பெண்கள் மத்தியில் பேச்சு. எப்படிப் பதில் சொல்வது?
– வாசகி, முத்துப்பேட்டை

எம்.ஆர். ஊசியில் கருவைத் தடுக்கும் ஹார்மோனோ மருந்தோ எதுவும் இல்லை. அதிலுள்ள ருபெல்லா பகுதியே நாளைய கர்ப்பத்துக்காகப் போடுவது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் ருபெல்லா தாக்கினால் பிள்ளை கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறோடு பிறக்கலாம். சவூதியும் மலேசியாவும் தங்கள் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ருபெல்லா ஊசியைத் தவறாமல் போடுகின்றன.

அந்தப் பேச்சைக் கேலி செய்யாதீர்கள். நெருக்கடிநிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடையைப் பார்த்த நாடு இது. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டுக்கு இதே பயம் எழுந்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் உள்ளூர் இமாம்களும் வீடு வீடாகப் போன பெண்களும் சேர்ந்துதான் அதை மாற்றினார்கள். நாட்டின் கடைசிப் போலியோ நோயாளிக்கு நோய் கண்டது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். நைஜீரியாவின் கானோ மாநிலம் 2003-ல் இதே சந்தேகத்தில் சொட்டை நிறுத்தியது. மறு ஆண்டு இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைத்துத்தான் மீண்டும் தொடங்கியது. அதற்குள் வைரஸ் பக்கத்து நாடுகளுக்கும் பரவிவிட்டது. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரி எம்.ஆர். முகாமின்போது வாட்ஸ்அப் வதந்தியால் முகாம் நாட்களையே நீட்டிக்க வேண்டியிருந்தது. அது ஒரு சமூகத்துக்கு மட்டும் வந்த பயம் அல்ல.

செய்ய வேண்டியது: இப்படிக் குரல் பதிவு ஏதும் வந்தால் அதை "இது பொய்" என்று எழுதிக்கூட மறுபடி அனுப்பாதீர்கள், கேட்காதவர்களும் கேட்டுவிடுவார்கள். ஊரில் பிரசவம் பார்க்கும் பெண் மருத்துவரின் குரலில் 40 நொடிப் பதிவு ஒன்று போதும். எம்.ஆர். போட்டு வளர்ந்த பெண்கள் இன்று தாயாகி நிற்பதைத் தெருவிலேயே காட்டலாம்.

போன வாரம் ஊசி போட்ட ஒரு பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். அந்தத் தெருவில் இப்போது யாரும் கதவைத் திறப்பதில்லை.
– அங்கன்வாடிப் பணியாளர், பாபநாசம் வட்டம்

முதலில் பிள்ளையைப் போய்ப் பாருங்கள், போனில் விசாரிப்பது போதாது. நர்ஸும் உடன் வர வேண்டும். ஊசி போட்டவர் ஒளிந்துகொண்டார் என்ற பேச்சுதான் காய்ச்சலைவிட வேகமாகப் பரவும். போகும் நேரம் நோன்பு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரமாக இருக்க வேண்டாம்.

"ஊசியால் இல்லை" என்று வாசலிலேயே சொல்லாதீர்கள். காய்ச்சல் ஊசியால் வந்ததாகவே இருக்கலாம். வரும் என்று முன்பே சொல்லாததுதான் குறை. வலிப்பு, மருத்துவமனையில் சேர்க்கும் நிலை போன்றவை என்றால் 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்துக்குத் தகவல் போக வேண்டும். மாவட்டக் குழு விசாரிக்கும். குப்பி எண் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், அதே குப்பியில் போட்ட மற்றப் பிள்ளைகள் வீட்டுக்கும் போய் விசாரியுங்கள். அந்தப் பிள்ளைகள் நலமாக இருந்தால் அவர்களின் தாய்மார்களே தெருவுக்குச் சொல்வார்கள். நீங்கள் சொல்வதைவிட அது ஏறும்.

பிள்ளை தேறிய பிறகு இன்னொரு தடவை போங்கள். அடுத்த தவணையைப் பற்றி அன்று பேச வேண்டாம்.

மதரஸா மாணவிகளுக்கு 16 வயது டி.டி. ஊசி போட்டபோது நோன்போடு இருந்த இருவர் மயங்கி விழுந்தார்கள். மருந்தில் கோளாறா?
– ஆசிரியை, பொதக்குடி

பெரும்பாலும் மருந்தில் இல்லை. வெறும் வயிறு, தூக்கக் குறைவு, பயம், வரிசையில் நிற்பது நாலும் சேர்ந்தால் இந்த வயதில் மயக்கம் வரும். ஒருத்தி விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொருத்தியும் விழுவாள். உட்காரவைத்தோ படுக்கவைத்தோ போடுங்கள். மற்றவர்கள் பார்க்காதபடி தனி அறையில் இருவர் இருவராக அழையுங்கள். விழுந்தால் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியும். தெளியாமல் மூச்சு இரைத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ அது ஒவ்வாமை. முகாமில் அட்ரீனலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்தவரும் அதற்காகவே இருக்க வேண்டும். அவசரமில்லாத இந்த ஊசியை ஷவ்வாலுக்குத் தள்ளினாலும் குற்றமில்லை. கைப்பிள்ளை ஊசிக்கு நாங்கள் இப்படிச் சொல்ல மாட்டோம்.

ரமலான் கடைசிப் பத்தில் உம்ராவுக்குப் போகிறேன். வயது 64. என்ன ஊசி, எப்போது?
– வாசகர், ராஜகிரி

மூளைக்காய்ச்சலுக்கான ஏ, சி, டபிள்யூ, ஒய் நால்வகை மெனிஞ்சோகாக்கல் ஊசி. சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னால். பிறை 20-ல் இறங்குவதாக இருந்தால் பிறை 10 கடைசி நாள், ஷஃபானிலேயே போடுவது உத்தமம். கான்ஜுகேட் வகைக்கு 5 ஆண்டு, பழைய பாலிசாக்கரைடு வகைக்கு 3 ஆண்டு செல்லும். சான்றிதழில் எந்த வகை என்று எழுதாவிட்டால் 3 ஆண்டாகவே கணக்கிடுவார்கள், எழுதச் சொல்லுங்கள். 1987-லும், பிறகு 2000, 2001-லும் ஹஜ்ஜிலிருந்து திரும்பியவர்கள் வழியே பல நாடுகளுக்கு இந்த நோய் பரவியதால் வந்த விதி இது. உங்கள் வயதுக்கு ஃப்ளூ ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள், புறப்பட இரண்டு வாரம் முன்னால். போலியோ சொட்டு பற்றிய விதி மாறிக்கொண்டே இருக்கும். அந்த ஆண்டுக்கான சவூதி அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். சொட்டு போடவேண்டி வந்து அன்று நோன்போடு இருந்தால் நோன்பு திறந்து, மஃரிபுக்குப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். அது வாய்வழி மருந்து.